சாமக்கொடையில் செண்டையும் வில்லும்: தாமிரபரணிக் கரை ஊர் ஒன்றின் நான்கு கொடைகள்

பின்னணி

ஊர் பாளையங்கோட்டைக்குக் கிழக்கே, தாமிரபரணியின் தென்கரையில் இருக்கிறது. கோயில் சுடலைமாடனுக்கு. கூடவே பேச்சியம்மன், பிரம்மசக்தி, இசக்கி, முண்டன் பீடங்கள். வைகாசியில் கொடை, அதாவது கோயிலின் ஆண்டுத் திருவிழா. வரி கட்டும் தலைக்கட்டு (குடும்பம்) 180. அதில் பாதிக்குச் சற்று மேல்தான் ஊரில் குடியிருக்கிறது. மற்றவர்கள் திருப்பூர், சென்னை, மும்பை, துபாய் என்று பிழைக்கப் போனவர்கள். தீபாவளிக்கு வராதவர்கூடக் கொடைக்கு வந்துவிடுவார்.

வியாழன் இரவு குடியழைப்பு. வெள்ளி மதியம் மதியக்கொடை, நள்ளிரவில் சாமக்கொடை, பிறகு சாமி சுடுகாட்டுக்கு வேட்டைக்குப் போய்த் திரும்புவது, சனி காலை படைப்பு, மஞ்சள் நீராட்டு. குடியழைப்பு, மதியம், சாமம் மூன்றுக்கும் வில்லுப்பாட்டு உண்டு. ஆட்டத்துக்கு நையாண்டி மேளம்: நாதஸ்வரம் இரண்டு, தவில் இரண்டு, பம்பை, கிடுமுட்டி, தாளம்.

வில்லுப்பாட்டை மேடைக் கச்சேரி என்று நினைத்தால் இந்த ஆய்வில் எதுவும் விளங்காது. தலைமைப் பாடகரான புலவர் காப்புப் பாடி, குருவடி பாடி, அவையடக்கம் சொல்லி, நாட்டு வளம் சொல்லிக் கதைக்குள் போகிறார். கயிலாயத்தில் பார்வதி விளக்கின் சுடரை ஏந்திப் பிள்ளை வரம் பெற்றது, அந்தப் பிள்ளை சுடுகாட்டுப் பிணம் தின்றது, பூலோகத்துக்கு அனுப்பப்பட்டது, மலையாள நாட்டு மந்திரவாதி காளிப்புலையனோடு மோதியது என்று கதை நகர்கிறது. சாமத்தில் அது, சாமியை வரவழைக்கும் வரத்துப் பாட்டில் வந்து நிற்கும். வரத்து பாடும்போதுதான் சாமியாடுபவரான சாமிகொண்டாடிக்கு அருள் வர வேண்டும். வில்லை அடிக்கும் வீசுகோலின் வேகத்தைப் புலவர் கூட்டத்தைப் பார்த்துக் கூட்டுவதில்லை. சாமிகொண்டாடியின் காலையும் தோளையும் பார்த்துக் கூட்டுகிறார். அதனால்தான் வில் சாமிக்கு நேர் எதிரே இருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள்.

கேரளத்துச் செண்டை மேளம் இந்தக் கோயிலுக்கு முதலில் வந்தது 2017-இல். இளைஞர்கள் தனியாக வசூல் செய்து கொண்டுவந்தார்கள். நெல்லை, தென்காசி, தூத்துக்குடிப் பக்கம் அப்போதே பல கொடைகளில் செண்டை வந்துவிட்டது. கசவு வேட்டி கட்டி, செண்டையைத் தோளில் மாட்டி, காலை மாற்றி மாற்றி வைத்து ஆடிக்கொண்டே அடிக்கும் சிங்காரி மேளம் அது. திருச்சூர்ப் பூரத்தில் இலஞ்சி மரத்தடியில் நடக்கும் பாண்டி மேளமும் இதுவும் ஒன்றல்ல. 96 அட்சரத்தில் தொடங்கி 48, 24, 12 என்று பாதி பாதியாகக் குறைந்து 6-இல் முடியும் பஞ்சாரிக்கும் இதற்கும் தொடர்பு செண்டை என்கிற கருவி மட்டுமே. சிங்காரியில் அடிக்கப்படுவதில் பாதி தமிழ் சினிமாப் பாட்டின் தாளம். மலை தாண்டி வருகிற கலாச்சாரம் என்று ஊர்ப் பெரியவர்கள் குறைபட்டுக்கொண்டதில், நம் சினிமா கசவு வேட்டி கட்டித் திரும்பி வந்த பங்கும் சேர்ந்தே இருந்தது.

எல்லை என்பதும் இங்கே பழைய கோடு இல்லை. செங்கோட்டையும் கன்னியாகுமரியும் 1956 நவம்பர் 1 அன்றுதான் தமிழகத்தோடு சேர்ந்தன. கேரளத்து ஆரியங்காவுக்கும் அச்சன்கோயிலுக்கும் இந்தப் பக்கத்து ஆட்கள் இன்றும் போய்வருகிறார்கள். தென்திருவிதாங்கூரில் வில்லடிச்சான் பாட்டு என்ற பெயரில் இதே வில் உண்டு. ஆகவே 'அவர்கள் மேளம், நம் பாட்டு' என்று பிரித்து நின்றவர்கள் தொடக்கத்திலேயே கொஞ்சம் வழி தவறியிருந்தார்கள்.

2022: கவனித்தவை

கொரோனாவால் இரண்டு ஆண்டு சரியாக நடக்காத கொடை 2022-இல் பெரிதாக நடந்தது. செண்டை 20 பேர், சம்பளம் 55,000 ரூபாய். வில்லுக்கு இரண்டு இரவும் ஒரு பகலும் சேர்த்து 32,000, நையாண்டிக்கு 38,000. கொடை முடிந்த மறுவாரக் கணக்குக் கூட்டத்தில் புலவர், அடுத்த ஆண்டு வரவில்லை என்று சொல்லிவிட்டார். சம்பளம் போதவில்லையா என்று கேட்டதற்கு வேறு பதில் வந்தது.

"சாமி காலு எனக்குத் தெரியணும் அண்ணாச்சி. கால் தெரியாம வரத்து பாடுதது கண்ணக் கட்டிக்கிட்டு வண்டி ஓட்டுத மாதிரி."

நிர்வாகக் குழு அதன் பிறகுதான் அந்த இரவின் வீடியோக்களை வாங்கி, நேரம் போட்டு எழுதிப் பார்த்தது. எழுதியவர் குழுவிலிருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்.

முதலாவது, இடம். சாமிக்கு எதிரே இருந்த வெட்டவெளி 2017-இலிருந்தே செண்டைக்குப் போய்விட்டது. 20 பேர் வட்டம் போட அந்த இடம்தான் கொள்ளும். வில் மேடை 40 அடி தள்ளி வேப்பமரத்தடிக்கு நகர்ந்திருந்தது. 'அங்கே போ' என்று யாரும் சொல்லவில்லை. பந்தல்காரர் ஓர் ஆண்டு வசதிக்காக மாற்றிப் போட்டார், மறு ஆண்டு அதுவே வழக்கமாகிவிட்டது.

இரண்டாவது, நேரம். செண்டைக்காரர்கள் பேசியது மூன்று மணி நேரம். அடித்ததும் மூன்று மணி நேரம்தான். ஆனால் ஒரே இருப்பில் அடிக்க முடியாது. இருபது நிமிடம் அடித்து, பத்துப் பதினைந்து நிமிடம் ஓய்வெடுத்து, மறுபடி அடிப்பார்கள். இரவு 9 மணிக்குத் தொடங்கியது இப்படி இழுத்து 1 மணியைத் தாண்டியது. இடைவெளியில் வில் பாட வேண்டும் என்பது ஏற்பாடு. பத்து நிமிடத்தில் புலவர் ஒரு சந்தத்தைக் கட்டி எழுப்பும்போது அடுத்த சுற்றுச் செண்டை எழும். சாமக்கொடை இரவில் கதை தடைபடாமல் ஓடிய மிக நீண்ட நேரம் 14 நிமிடம். முன்பெல்லாம் அதே இரவில் நான்கு மணி நேரம் பாடுவார்கள்.

மூன்றாவது, ஒலி. வில்லுக்கு நான்கு மைக்: புலவருக்கு ஒன்று, பின்பாட்டுக்கு ஒன்று, குடத்துக்கு ஒன்று, உடுக்கைக்கு ஒன்று. செண்டை எழும்போது நான்கு மைக்கிலும் செண்டைதான் ஏறும். மைக்செட்காரர் கூச்சல் வராமலிருக்க நான்கையும் குறைப்பார். முதலில் காணாமல் போவது குடம். குடம் அடிக்கும் மட்டையான பத்தியால் குடத்தின் வாயில் அடிக்கும்போது எழும் அந்தக் கனத்த 'கும்' ஓசையும், கனத்த ஒலி தரும் வீக்கன் செண்டையின் வலந்தலைப் பக்க அடியும் ஏறத்தாழ ஒரே அடிக்குரலில் நிற்பவை. வலியது மற்றதை விழுங்கிவிடும். குடம் போனால் பாடுபவருக்கே தாளம் போய்விடும். உடுக்கை தனியாகக் கிணுகிணுத்துக்கொண்டிருக்கும்.

நான்காவது, யாரும் எதிர்பார்க்காதது: காவல்துறை அனுமதி. இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதி. திருவிழாக்களுக்கு மாநில அரசு ஆண்டில் 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு வரை தளர்த்தலாம். 2010 திருத்தத்தில் இசைக்கருவிகளும் இந்தத் தடைக்குள் வந்தன. ஆனால் ரோந்து வருபவரின் கண்ணில் முதலில் படுவது தென்னை மரத்தில் கட்டிய கூம்பு ஒலிபெருக்கி. 12 மணி அடித்ததும் கூம்பு அணைந்தது, வில் ஊமையானது. செண்டைக்கு மின்சாரம் தேவையில்லை. ஆக, சாமம் என்கிற அந்த நேரமே கைமாறிவிட்டது.

ஐந்தாவது, பணம் கொடுக்கும் முறை. செண்டைக்கு இரண்டு மாதம் முன்பே பாதி முன்பணம் வங்கி வழியாகப் போனது. வில்லுக்கு வெற்றிலை பாக்கோடு 1,001 ரூபாய். மீதி சனிக்கிழமை காலை, வசூல் குறைந்துபோன நேரத்தில், பேரம் பேசித் தந்தது. எது முதன்மை, எது எடுபிடி என்பதை ஊர் வாயால் சொல்லவில்லை. கணக்கு நோட்டு சொல்லிவிட்டது.

இவற்றைப் பார்த்தபின் ஆசிரியர் எழுதிய வரி குழுவின் பேச்சையே மாற்றியது: "ஊர் செண்டையைத் தேர்ந்தெடுக்கவில்லை, சாமத்தைக் காலி செய்துவிட்டது."

எடுத்த முடிவும் காரணமும்

முதலில் வந்த யோசனை தடை. பெரியவர்களில் பெரும்பாலோர் அதைத்தான் கேட்டார்கள். இளைஞர் தரப்பின் பதில்:

"பெரியப்பா, சுத்துப்பட்டி பூரா செண்டை வருது. நம்ம கொடைல மட்டும் இல்லன்னா இது என்ன கொடைன்னு கேப்பானுவ. வில்லுப்பாட்ட ஸ்டேட்டஸ்ல போட முடியுமா?"

கடைசிக் கேள்வி கிண்டல் போலத் தோன்றினாலும் விஷயம் அதில்தான் இருந்தது. செண்டை அரை நிமிட வீடியோவில் முழுதாக நிற்கும். வரத்துப் பாட்டை அரை நிமிடம் வெட்டினால் ஒரு கிழவர் கத்துவது போல்தான் இருக்கும்.

தடை வேண்டாம் என்பதற்கு ஆசிரியர் சொன்ன உதாரணம் ஊரில் வயதானவர்களுக்கே நினைவிருந்தது. 1952-இல் பி.வி. கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு அமைச்சரானபின் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு ஒடுங்கியது. கேட்பவர்கள் கர்நாடக சங்கீதத்துக்குத் திரும்பிவிடவில்லை. முள்ளைத் திருப்பி இலங்கை வானொலிக்குப் போனார்கள். இந்தத் தென்கரையோரத்தில் அது உள்ளூர் நிலையம் போலத் துல்லியமாகக் கேட்டது. 1957-இல் விவித் பாரதி தொடங்கித்தான் ஆட்களைத் திரும்ப இழுக்க வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டுப் பாட்டை அடைத்தால் காது பக்கத்து வீட்டுக்கே போய்விடும்.

எதிர் உதாரணமும் அவரே சொன்னார். 1970-களில் இலங்கை அரசு தமிழகப் பத்திரிகைகளின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது அங்கே ஈழத்து எழுத்தாளர்களின் நூல்கள் பெருகின. அங்கே பலம் மிக்க அண்டை வீட்டுக்காரர் நாம்தான் என்பதைக் குழுவில் சிலர் அன்றுதான் யோசித்தார்கள். ஆனால் அங்கே அடைத்தபோது உள்ளே எழுதவும் அச்சிடவும் ஆள் இருந்தது. இந்த ஊரில் செண்டையை அடைத்தால் அந்த இடத்தில் உட்கார ஒரே ஒரு வில் குழு, அதற்கு 60-ஐத் தாண்டிய ஒரு புலவர்.

கடைசியில் அவர்கள் எடுத்துக்கொண்டது மூன்றாவது வகை. கனடா 1971-இல் வானொலிகளுக்கு வைத்த விதி, அமெரிக்கப் பாட்டைப் போடாதே என்பதல்ல. 30 சதவீதம் கனடியப் பாட்டாக இருக்க வேண்டும் என்பது. தென்கொரியத் திரையரங்குகள் உள்ளூர்ப் படத்துக்கு ஆண்டில் 146 நாள் ஒதுக்க வேண்டியிருந்தது. 2006-இல் அது 73 ஆனது. வருவதைத் தடுப்பதில்லை, சொந்தத்துக்கு ஒரு நேரத்தை வேலி போட்டு வைப்பது. தலைவர் இதைத் தன் பாணியில் சொன்னார்: "வரட்டும்ல. வந்து எங்க நிக்குதுங்கதுதான் பேச்சு."

தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கியவை இவ்வளவுதான். வெள்ளி மாலை 4.30 முதல் 6.30 வரை பால்குடத்தோடும், இரவு 8 முதல் 9.30 வரை தெருவில் சாமி ஊர்வலத்தோடும் செண்டை. அதன் பிறகு கோயில் வளாகத்துக்குள் செண்டை எழாது. 10 மணியிலிருந்து வேட்டை புறப்படும் வரை வில்லும் நையாண்டியும் மட்டும். வில் மேடை மறுபடி சாமிக்கு எதிரே, பீடத்திலிருந்து 18 அடியில், நடுவில் சாமிகொண்டாடி ஆட மட்டும் இடம் விட்டு.

மைக் பற்றி எடுத்த முடிவு சிறியது, பலன் பெரியது. மரத்துக் கூம்புகளைக் கழற்றிவிட்டு, மேடையின் இருபுறமும் ஆள் உயரத்தில் இரண்டு பெட்டி ஸ்பீக்கர், முகம் பந்தலுக்குள் திரும்பி. குடத்து மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல் வயிற்றுப் பக்கம் நாலு விரல் தள்ளி வைத்தார்கள். வாய்க்கு நேரே வைத்தால் ஒவ்வொரு அடிக்கும் காற்று மோதிப் 'பட் பட்' என்று உடையும், ஓசை வராது. நள்ளிரவு வரைக்கான அனுமதியை முறைப்படி எழுதி வாங்கினார்கள். 12-க்கு மேல் பெட்டியை அணைத்துவிட்டு வெறும் குரலில் பாடுவது என்று புலவரே ஒத்துக்கொண்டார். செண்டை இல்லாவிட்டால் பந்தலுக்கு அது போதும்.

முன்பணம் மூன்று குழுவுக்கும் ஒரே நாள், ஒரே விகிதம்.

2023: முதல் முயற்சி, பாதித் தோல்வி

செண்டைக்காரர்களின் வேன் மாலை 4.30-க்குப் பதில் 6.50-க்கு வந்தது. முந்தைய இரவு வேறொரு கொடையில் விடியும் வரை அடித்துவிட்டுப் புறப்பட்டவர்கள். பால்குடம் செண்டை இல்லாமலே, நையாண்டியோடு வந்து சேர்ந்திருந்தது. பேசிய நேரம் தீரவில்லை என்று இளைஞர்கள் நியாயம் கேட்டார்கள். அவர்கள் கைப்பணம் அது. தாளில் தாமதம் பற்றி ஒரு வரிகூட இல்லை. குழு இளகிவிட்டது. 10.40 முதல் 11.20 வரை வளாகத்துக்குள் செண்டை எழுந்தது. புலவர் வீசுகோலை மடியில் வைத்துக்கொண்டு நாற்பது நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தார். எழுந்து போகாததே பெரிது.

அந்த நாற்பது நிமிடத்தில் தெரிந்துகொண்ட ஒன்று உண்டு. செண்டை ஆசான் ஓய்வின்போது நையாண்டிப் பம்பைக்காரரிடம் பேச்சுக்கொடுத்தார். சுத்தத் தமிழில், நாஞ்சில் நாட்டு வாடையோடு. வந்த 20 பேரில் 12 பேர் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்கள். 'கேரளா செண்டை' என்று பேனர் அடித்தது ஊர்தான்.

சாமத்தில் வில் தொடர்ந்து ஓடியது 50 நிமிடம். முந்தைய ஆண்டின் 14 நிமிடத்துக்கு இது எவ்வளவோ மேல். ஆனால் இன்னொரு சிக்கல் எழுந்தது, அது யாருடைய திட்டத்திலும் இல்லாதது. சாமிகொண்டாடி நாற்பதுகளில் இருப்பவர். தகப்பனாரிடமிருந்து பொறுப்பை ஏற்று ஆறேழு கொடைதான் ஆகிறது. அவர் ஆடத் தொடங்கியதிலிருந்தே சாமத்தில் காதில் விழுந்தது செண்டைதான். அன்று புலவர் வரத்து பாடினார். சாமிகொண்டாடி சல்லடமும் குல்லாயும் அணிந்து, வல்லயம் என்னும் ஈட்டியைப் பிடித்தபடி, அசையாமல் நின்றார். புலவர் முதல் அடிக்கே திரும்பினார். மறுபடியும் ஒன்றும் இல்லை. பந்தலில் பேச்சு அடங்கிவிட்டது. ஒரு கிழவி மட்டும் குலவையிட்டாள். மூன்றாம் முறை புலவர் வேகத்தைக் கூட்டாமல் குறைத்தார். குடத்தை மட்டும் விட்டு மற்றதை நிறுத்தச் சொல்லிக் கை காட்டினார். குடமும் குரலும் மட்டும். வலது குதிகால் முதலில் தரையில் தட்டியது. புலவர் அதைப் பார்த்துவிட்டார். தலையாட்டியதும் பம்பை சேர்ந்தது, பிறகு உடுக்கை, பிறகு தவில். அடுத்த நிமிடம் வல்லயத்தின் மணிகள் குலுங்கிக்கொண்டிருந்தன.

மேடை வேப்பமரத்தடியில் இருந்திருந்தால் அந்தக் குதிகால் தெரிந்திருக்காது. அந்த ஒரு காட்சிக்குப் பிறகு மேடை எங்கே என்ற வாக்குவாதம் ஊரில் எழவே இல்லை.

வெள்ளத்துக்குப் பின்: 2024

2023 டிசம்பர் 17, 18 மழையில் தாமிரபரணி கரை மீறியபோது ஊருக்குள் இடுப்பளவு தண்ணீர். புலவர் இருப்பது ஆற்றோரத்து வேறொரு ஊர். அவர் தகரப் பெட்டியில் வைத்திருந்த கதை நோட்டுகள் நனைந்தன. இங்க் பேனாவில் எழுதிய பக்கங்கள் நீலக் கறையாகிவிட்டன. பால்பாயிண்ட் பேனாவில் எழுதியவை பிழைத்தன. உடுக்கையின் தோல் ஊறித் தொங்கிவிட்டது. வில்லுக்கு ஒன்றும் ஆகவில்லை, பரண்மேல் இருந்தது.

வரி அந்த ஆண்டு முழுதாக வரவில்லை. இளைஞர் வசூலும் குறைந்தது. செண்டை 12 பேராகச் சுருங்கியது. அதுவே நல்லதாகப் போயிற்று. 12 பேருக்குத் தெருவே போதும், வெட்டவெளி கேட்கவில்லை. தாளில் ஒரு வரி கூடியிருந்தது: தாமதமாக வந்தால் போன நேரம் போனதுதான், முடிக்கும் நேரம் மாறாது. செண்டைக்காரர்கள் தயங்காமல் கையெழுத்துப் போட்டார்கள். அவர்களுக்கும் 9.30-க்கு முடிந்தால் அடுத்த ஊருக்குப் போகலாம்.

புலவர் தன் பக்கத்திலும் மாற்றம் செய்தார். நாட்டு வளத்தை ஏறக்குறைய விட்டுவிட்டார். கதையை 50 நிமிட இருப்புகள் மூன்றாகப் பிரித்து, நடுவில் நையாண்டிக்கு இடம் விட்டார். வரத்தில் ஒரு வரி குறைக்கவில்லை. குறைத்ததைக் குறைத்ததாகவே பதிவு செய்ய வேண்டும்: நாட்டு வளப் பகுதியில் இந்த ஆற்றின் கால்வாய்களும் அணைக்கட்டுகளும் பெயர் பெயராக வரும். அதை இந்த ஊர் இப்போது கேட்பதில்லை.

கூட்டம்? செண்டை முடிந்ததும் இளைஞர்களில் பெரும்பகுதி கலைந்தது. சாமத்தில் பந்தலில் இருந்தவர்கள் எழுபது, எண்பது பேர். அதிலும் பாதி ஐம்பது வயதைத் தாண்டிய பெண்கள். 2022-இல் அதே நேரத்தில் இதைப்போல் மூன்று மடங்கு இருந்தது, செண்டைக்காக. இந்த ஏற்பாட்டை வெற்றி என்று சொல்லுபவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சாமம் வில்லுக்குத் திரும்பியது, ஊர் சாமத்துக்குத் திரும்பவில்லை.

நனைந்த நோட்டுகள் வேறொரு வேலையைத் தொடங்கிவைத்தன. பிழைத்த பக்கங்களைப் படம் எடுத்து, அழிந்தவற்றைப் புலவர் பாடக் கேட்டுப் போனில் பதிவு செய்தார்கள். செய்தது முன்பு செண்டைக்கு வசூல் செய்த அதே பையன்கள் இரண்டு பேர். ஒருவனுக்குத் தாளக் கட்டை பிடிக்கப் பழக்கம் வந்தது, மற்றவனுக்குக் குடம். குடம் கைக்குப் பிடிபட மாதங்கள் ஆகும். வலக்கைப் பத்தி குடத்தின் வாயை முழுதாக மூடி அடித்து உடனே எடுக்க வேண்டும். தங்கினால் ஓசை செத்துவிடும். இடக்கைக் காசு குடத்தின் மேல் அதற்கு எதிர்த்தாளத்தில் விழ வேண்டும். பையன் உடைத்தது மூன்று குடம்.

2025

செண்டை மறுபடி கூடி 16 பேர். வியாழன் மாலையே ஆசான் வந்துவிட்டார். பம்பைக்காரரிடம் 'சாமி அடி' எனப்படும் நடையை வாங்கிப் போனில் பதிந்துகொண்டார். மறுநாள் ஊர்வலத்தில் செண்டை அந்த நடையில் ஒரு சுற்று அடித்தது. கொஞ்சம் வேகம் கூடி, முனை மழுங்கி. பெரியவர்களில் ஒருவர் காதைப் பொத்திக்கொண்டார், இன்னொருவர் கைதட்டினார். இளைஞர்கள் ஸ்டேட்டஸில் போட்டது அந்தச் சுற்றைத்தான்.

சாமத்தில் கூட்டம் நூறைத் தொட்டது. இது வில்லின் பலமா, வெள்ளிக்கு மறுநாள் விடுமுறையாக அமைந்த வசதியா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. சாமிகொண்டாடிக்கு முதல் வரத்திலேயே அருள் வந்தது. குடம் அடிக்கப் பழகியவன் கொடைக்கு மூன்று வாரம் முன்பு திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான், லீவு கிடைக்கவில்லை. கட்டை பிடித்தவன் மேடையில் இருந்தான். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி இன்னோர் ஊர் இதே தாளைக் கேட்டு வாங்கிப் போனது. அங்கே செண்டையை 7 மணிக்கே முடித்தார்கள், இளைஞர்கள் சாலையோரம் டிராக்டரில் ஸ்பீக்கர் கட்டிக் குத்துப்பாட்டுப் போட்டுவிட்டார்கள். 9.30 என்பது யாரோ கண்ணை மூடிக்கொண்டு எழுதிய நேரமல்ல என்பது அங்கே தெரிந்தது.

மறுபடி செய்வதாக இருந்தால்

இடத்தை முதலில் திருத்தியிருக்க வேண்டும், நேரத்தை அப்புறம். மேடை சாமிக்கு எதிரே வந்துவிட்டால் செண்டைக்கு வட்டம் போட இடமில்லை, பாதிப் பேச்சுவார்த்தை தானாகவே முடிந்திருக்கும். குழு மூன்று கூட்டம் நேரத்தைப் பற்றியே பேசியது.

தாமத விதி முதல் ஆண்டே இருந்திருக்க வேண்டும். கொடைக் காலத்தில் எந்த மேளமும் முந்தைய ஊரில் விடியும் வரை இருந்துவிட்டுத்தான் வரும். இது தெரிந்த விஷயம்.

சாமிகொண்டாடியிடம் யாரும் முன்கூட்டிப் பேசவில்லை. ஒலியை மாற்றும்போது முதலில் கேட்க வேண்டிய ஆள் அவர். குடியழைப்பு அன்றே ஒரு முறை வரத்துப் பாடிப் பார்த்திருந்தால் 2023-இன் அந்தப் பத்து நிமிடம் ஊர் மூச்சைப் பிடித்திருக்க வேண்டாம்.

மகுடம் என்னும் பறையை அடித்து ஆடும் கணியான் கூத்தைப் பற்றி எந்தக் கூட்டத்திலும் பேச்சு வரவில்லை. இதே கோயிலில் மகுடம் ஒலித்ததைப் பார்த்தவர்கள் நாலைந்து பேர் இருக்கிறார்கள். அது செண்டை வருவதற்கு வெகு முன்பே, செலவுக் குறைப்பு என்ற பெயரில் நின்றுபோனது. அதற்கு அண்டை மாநிலத்தைக் குறை சொல்ல முடியாது.

2026 கொடைக்கு முன்பணச் சீட்டு போட்டாகிவிட்டது. புலவருக்குத் தொண்டை கட்டிக்கொள்கிறது, நீண்ட இருப்பு முடியவில்லை. மதியத்துக்கு அவர் பெயரைப் பேனாவில் எழுதியிருக்கிறார்கள். சாமத்துக்கு நேரே அவருடைய பின்பாட்டுக்காரர் பெயர் பென்சிலில் இருக்கிறது.